இதய அறுவைச் சிகிச்சைக்குப் பின் சுவை மாறிய ஒரு நோயாளி: நீடாமங்கலம் வட்டாரத்திலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

பைபாஸ் அறுவைச் சிகிச்சை முடிந்து வீடு திரும்புகிறவர்களில் பலர் முதல் சில வாரங்களில் வாய் கசக்கிறது, உப்பு தெரியவில்லை, எதைத் தின்றாலும் ஒரே மாதிரி இருக்கிறது என்று சொல்கிறார்கள். நெஞ்சுத் தையல், கால் வீக்கம், தூக்கம் ஆகியவற்றைப் பற்றி விசாரிக்கும் மருத்துவர்கள் இதைப் பற்றி அவ்வளவாகக் கேட்பதில்லை. உயிர் பிழைத்து வந்த பிறகு நாக்கு ருசியைப் பற்றிப் பேசுவது அழகில்லை என்று நோயாளிகளும் விட்டுவிடுகிறார்கள். இந்த நோயாளியிடம் அந்தச் சிறிய குறை, ஒரு விடியற்காலையில் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கியதற்கும், அதற்கு இரண்டரை வாரம் கழித்து உடலில் நீர் கோத்துக்கொண்டதற்கும் காரணமாக இருந்தது. இரண்டு முறையும் வீட்டார் பயந்தது இதயத்தை நினைத்துத்தான். நோயாளியின் ஒப்புதலோடு, அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி இதை எழுதுகிறேன்.

நோயாளியும் அறுவைச் சிகிச்சையும்

நோயாளி 59 வயதுப் பெண்மணி. வெண்ணாற்றங்கரை ஊர் ஒன்றில், ஒன்பது மா (ஏறக்குறைய மூன்று ஏக்கர்) நிலம் வைத்திருக்கும் விவசாயக் குடும்பத்தைச் சேர்ந்தவர். வீட்டில் கணவர், மகன், மருமகள், இரண்டு பேரக் குழந்தைகள். பதினோரு ஆண்டுகளாக நீரிழிவும் ஆறு ஆண்டுகளாக இரத்த அழுத்தமும் உண்டு. புகையிலை இல்லாமல் வெற்றிலை பாக்கு போடும் பழக்கம் இளவயது முதல் இருந்து வந்திருக்கிறது.

மேட்டூர் திறந்து குறுவை நடவு தொடங்கியிருந்த ஜூன் மாதத்தில், வயலுக்குக் கஞ்சி கொண்டுபோகும்போது மேல்வயிற்றில் எரிச்சலும் மூச்சு வாங்குதலும் வர, அதை வாயு என்று எண்ணி ஓமத் தண்ணீரும் சோடாவும் குடித்துக்கொண்டு பத்து நாள் ஓட்டியிருக்கிறார். நீரிழிவுள்ள பெண்களுக்கு மாரடைப்பின் முன்னறிகுறி நெஞ்சைப் பிடிக்கும் வலியாக வராமல் இப்படி வருவது உண்டு. என்னிடம் வந்தபோது எடுத்த ஈ.சி.ஜி.யில் மாற்றம் இருந்ததால் தஞ்சாவூருக்கு அனுப்பினேன். ஆஞ்சியோகிராமில் மூன்று இரத்தக் குழாய்களிலும் அடைப்பு தெரிந்தது. நீரிழிவோடு பல குழாய் அடைப்பும் சேர்ந்தவர்களுக்குக் குழாய்க்குள் வலை போன்ற ஸ்டென்ட் வைப்பதைவிட பைபாஸே நீண்ட நாள் பலன் தரும் என்பது 2012இல் வெளியான ஃப்ரீடம் ஆய்வுக்குப் பிறகு ஐயமின்றி நிலைபெற்றுவிட்டது; இவருக்கும் அதுவே முடிவாயிற்று. இந்தியாவின் முதல் பைபாஸ் 1975இல் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே.எம். செரியன் கையால் நடந்தது. அதற்குப் பின் பல ஆண்டுகள் டெல்டாக்காரர்கள் இந்தச் சிகிச்சைக்குச் சென்னைக்கு ரயிலேறினார்கள். இன்று தஞ்சாவூரிலும் திருச்சியிலும், முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்திலேயே செய்துகொண்டு வர முடிகிறது.

ஆனி மூன்றாம் வாரத்தில் அறுவைச் சிகிச்சை நடந்தது. மார்புக்குள் இருக்கும் தமனி ஒன்றும், இடது காலிலிருந்து எடுத்த சிரையின் இரண்டு துண்டுகளும் அடைப்புகளைத் தாண்டி ஒட்டப்பட்டன. மறுநாள் காலையில் செயற்கைச் சுவாசக் குழாய் எடுக்கப்பட்டது. மூன்றாம் நாள் இதயத் துடிப்பு ஒழுங்கு தவறியது. இந்த அறுவைச் சிகிச்சைக்குப் பின் இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் இது அடிக்கடி நேர்வதுதான். அமியோடரோன் கொடுத்துச் சீராக்கினார்கள். எட்டாம் நாள் வீடு திரும்பியபோது கையில் பத்து மருந்துகள் இருந்தன: இரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின், குளோபிடோகிரெல்; கொழுப்புக்கு அடார்வாஸ்டாடின்; இதயத்துக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மெட்டோபிரலால், ராமிப்பிரில்; துடிப்புக்கு ஆறு வாரம் அமியோடரோன்; நீர் பிரியப் பத்து நாளுக்கு ஃபுரோசிமைட்; வயிற்று அமிலத்துக்குப் பான்டோபிரசோல்; சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் கிளிமெபிரைடும். உணவைப் பற்றி விடுவிப்புச் சீட்டில் இருந்தது ஒரே வரி: உப்பு, எண்ணெய் குறைக்கவும். எவ்வளவு உப்பு, எதிலிருந்து குறைப்பது என்று அந்த வரி சொல்லவில்லை. அந்த இடைவெளியை வீடு தன் வழக்கப்படி நிரப்பிக்கொண்டது.

விடியற்காலை வியர்வை

பதினைந்தாம் நாள் விடியற்காலை நான்கரை மணிக்கு நோயாளி தெப்பமாக வியர்த்து, பேச்சு குழறி, கட்டிலில் உட்கார்ந்திருந்ததாக மருமகள் சொன்னார். நடுக்கம் இல்லை, படபடப்பு இல்லை. ஒட்டிய குழாய் அடைத்துக்கொண்டது என்றே வீட்டார் நினைத்து, காரில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். ஈ.சி.ஜி.யில் புதிய மாற்றம் எதுவுமில்லை. விரல் நுனி இரத்தத்தில் சர்க்கரை 58தான் இருந்தது. குளுக்கோஸ் கொடுத்த கால் மணி நேரத்தில் தெளிந்து உட்கார்ந்தார். மெட்டோபிரலால் போன்ற மருந்துகளை உட்கொள்பவர்களுக்குச் சர்க்கரை இறங்கும்போது வழக்கமாக வரும் நடுக்கமும் படபடப்பும் மறைந்துபோகும். வியர்வை மட்டும் மறையாது. இதய அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட நீரிழிவு நோயாளிகளின் குடும்பத்தினர் அனைவரும் இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். இந்த வீட்டுக்கு யாரும் இதைச் சொல்லியிருக்கவில்லை.

அறுவைக்கு முன் 56 கிலோ இருந்தவர் அன்று 51.5 கிலோ இருந்தார். மாத்திரை பழைய அளவிலேயே போய்க்கொண்டிருக்க, சாப்பாடு பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டபோது அவர் மருமகளை ஒரு முறை பார்த்துவிட்டுப் பேசாமல் இருந்தார். மருமகளை மருந்து வாங்க அனுப்பிய பிறகுதான் வாய் திறந்தார்.

“எத வாயில வச்சாலும் செம்புத் தவலைய நக்குனாப்புல இருக்கு டாக்டரம்மா. சோறு சோறாவே தெரியல. இத வீட்ல சொன்னா, அந்தப் புள்ள தான் சமைச்சது சரியில்லன்னு நெனச்சுக்குது. அதான் வேணாம்னுட்டு எந்திரிச்சுடுறேன்.”

மருந்தோடு திரும்பி வந்த மருமகளைத் தனியே கேட்டபோது அவர் தரப்பும் தெரிந்தது. “அத்தைக்கு நான் போடுற உப்பு எப்பவுமே புடிக்காது டாக்டர். இப்ப உப்பே போடக் கூடாதுன்னுட்டாங்க. அப்ப எப்படி நல்லாருக்கும்? மூணு தடவ மாத்தி மாத்தி வச்சுக் குடுத்தேன், தட்டத் தள்ளி வச்சுட்டாங்க.”

ஒரு நோய்க்குறி இந்த இடத்தில் மாமியார் மருமகள் பிணக்காக மாறிவிட்டிருந்தது. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை; இரண்டு பேருக்கும் நாக்கில் ஏதோ நடந்திருக்கிறது என்பது தோன்றவே இல்லை. உப்பில்லாச் சாப்பாடு ருசிக்காது என்பது எல்லோரும் அறிந்த ஒன்றாகையால், உப்பிருந்தாலும் ருசிக்காது என்ற செய்தி அதற்குள் மறைந்துகொண்டது. சமையல் அவ்வளவு காலமும் இந்த அம்மாவின் கையில் இருந்ததால் சிக்கல் இன்னும் ஒரு சுற்று கூடியிருந்தது. இதே குறை வீட்டு ஆண்பிள்ளை ஒருவருக்கு வந்திருந்தால் முதல் நாளே “வாய் விளங்கல” என்று சத்தம் போட்டிருப்பார், இரண்டாம் நாள் என்னிடம் வந்திருப்பார்கள் என்பது இந்த வட்டாரத்தில் பல குடும்பங்களைப் பார்த்த எனக்குத் தோன்றும் எண்ணம்.

நாக்கைச் சோதித்தது

நாக்கின் மேல் வெள்ளைப் படலம் திட்டுத் திட்டாக இருந்தது. மரக் குச்சியால் சுரண்டியபோது பெயர்ந்து வந்தது, அடியில் சிவந்திருந்தது. இது பூஞ்சைத் தொற்று. நீரிழிவு, மருத்துவமனையில் ஏற்றிய ஆன்டிபயாடிக், ஆக்சிஜன் முகமூடியால் காய்ந்த வாய் ஆகிய மூன்றும் சேர்ந்தால் அது எளிதில் பிடித்துக்கொள்ளும். நாள் முழுவதும் வெற்றிலை மென்று எச்சில் ஊறிக்கொண்டிருந்த வாய், அறுவைக்குப் பின் அதையும் நிறுத்திவிட்டதால் மேலும் வறண்டிருந்தது. எச்சிலில் கரையாத பொருளுக்குச் சுவை கிடையாது.

அடுத்ததாக, நான்கு தம்ளர்களில் சர்க்கரை நீர், உப்பு நீர், எலுமிச்சைச் சாறு கலந்த நீர், சர்க்கரையிடாத காபி டிகாக்ஷன் ஆகியவற்றை வைத்துக்கொண்டு, கண்ணை மூடச் சொல்லி, பஞ்சுக் குச்சியால் ஒவ்வொன்றாக நாக்கில் தடவினேன். நுனியில் இனிப்பு, ஓரத்தில் புளிப்பு என்று பள்ளிப் புத்தகத்தில் படம் போட்டிருப்பார்கள். அது தவறு, எல்லாச் சுவையும் நாக்கின் எல்லாப் பகுதியிலும் தெரியும். ஆனால் முன்பகுதிச் செய்தியை ஒரு நரம்பும் பின்பகுதிச் செய்தியை வேறொரு நரம்பும் மூளைக்குக் கொண்டுபோவதால், இடம் வலம், முன் பின் என நான்கு இடங்களிலும் தடவிப் பார்ப்பதில் பயன் உண்டு. புளிப்பை உடனே சொன்னார். டிகாக்ஷனுக்கு முகத்தைச் சுளித்து, “ஐய, வேப்பெண்ணெயா?” என்றார். இனிப்பைக் கொஞ்சம் யோசித்துச் சொன்னார், ஆனால் இனிப்போடு ஏதோ நாறுகிறது என்றார். உப்பு நீரை மூன்று முறை தடவியும் வெறும் தண்ணீர் என்றே சாதித்தார். அப்போது அங்கே நின்றிருந்த மருமகள் அந்தத் தம்ளரை வாங்கி ஒரு மிடறு குடித்துப் பார்த்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு அத்தையைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அந்த வீட்டுப் பிணக்கின் பெரும்பகுதி தீர்ந்துபோனது என்று நினைக்கிறேன்.

காபித் தூள், ஏலக்காய், கிராம்பு ஆகியவற்றின் மணத்தைச் சரியாகச் சொன்னார். ஆகவே மூக்கில் குறையில்லை. நான்கு இடங்களிலும் குறை ஒரே அளவில் இருந்தது. பஞ்சு தொடுவது எல்லா இடத்திலும் நன்றாக உறைத்தது. சுவாசக் குழாயோ, தொண்டை வழியாக இறக்கும் ஸ்கேன் கருவியோ நாக்கு நரம்பை அழுத்திச் சேதப்படுத்தியிருந்தால் பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும் கெட்டிருக்கும், அந்தப் பக்கம் மரத்தும் இருக்கும். அந்தக் காரணத்தை ஒதுக்கிவிட்டு, மருந்து, வறட்சி, பூஞ்சை, அறுவைக்குப் பின் உடல் முழுவதும் இருக்கும் அழற்சி ஆகியவற்றின் கூட்டு விளைவு என்று முடிவு செய்தேன்.

மருந்துகளில் சந்தேகத்துக்கு உரியவை மூன்று. மெட்ஃபார்மின் வாயில் உலோகச் சுவையைத் தரும் என்பது நெடுநாள் தெரிந்தது. ராமிப்பிரில் சேர்ந்த மருந்துக் குடும்பம் சுவையைக் கெடுப்பதற்குப் பெயர்போனது. அதில் மூத்ததான காப்டோபிரிலில்தான் இது மிகுதி, ராமிப்பிரிலில் குறைவு. அமியோடரோனும் சுவையை மாற்றக் கூடியது. அது உடலை விட்டு நீங்க வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ ஆகும்.

செய்ததும் செய்யாமல் விட்டதும்

முதல் வேலையாகக் கிளிமெபிரைடை நிறுத்தினேன். மெட்ஃபார்மினை மெல்லக் கரையும் வகைக்கு மாற்றி, சாப்பாட்டுக்குப் பின் போடச் சொன்னேன். அறுவை செய்த மருத்துவரோடு தொலைபேசியில் பேசி, துடிப்பு சீராகவே இருப்பதால் அமியோடரோனை ஆறு வாரத்துக்கு மேல் நீட்ட வேண்டியதில்லை என்று உறுதி செய்துகொண்டேன். ராமிப்பிரிலில் கைவைக்கவில்லை, இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் அதனால் கிடைக்கும் நன்மை பெரிது. “இங்கிலீஷ் மருந்து சூடு, வாய் அதான் வெந்து போச்சு, ஒரு வாரம் எல்லாத்தையும் நிறுத்திப் பாருங்க” என்று அண்டை வீட்டு யோசனை ஒன்று வந்திருந்தது. குறிப்பாக ஆஸ்பிரினையும் குளோபிடோகிரெலையும் யார் சொன்னாலும் ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது என்று கணவரிடமும் மகனிடமும் தனித்தனியே சொல்லி அனுப்பினேன்.

பூஞ்சைக்கு ஃபுளூகோனசோல் மாத்திரை எழுதுவதுதான் கைப்பழக்கம். இவருக்கு அதை எழுதவில்லை. அமியோடரோனோடு சேர்ந்தால் இதயத்தின் மின்னோட்டத்தைக் குழப்பக் கூடும்; குளோபிடோகிரெல் உடலில் வேலை செய்யும் வடிவத்துக்கு மாறுவதையும் அது தடுக்கும். ஆகவே வாயில் தடவும் குளோட்ரிமசோல் சொட்டு மருந்தை ஒரு நாளைக்கு நான்கு வேளையாக இரண்டு வாரம் கொடுத்தேன். துத்தநாக மாத்திரை கேட்டார்கள். கொடுக்கவில்லை. பெரிய அறுவைக்குப் பின் இரத்தத்தில் துத்தநாகம் தானாகவே இறங்கிக் காட்டும், அழற்சி தணிந்ததும் ஏறிவிடும். முட்டை, மீன், எள், நிலக்கடலை ஆகியவற்றைச் சாப்பிட வைப்பதே போதும் என்பது என் எண்ணம்.

சாப்பிட வைப்பதற்குத்தான் தடை இருந்தது. அந்த வாரம் வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோது அம்மாவுக்குத் தனிச் சட்டியில் குழைய வடித்த சோறும், உப்பில்லாத மிளகு ரசமும், வேக வைத்த புடலங்காயும் இருந்தன. முட்டையும் மீனும் கத்தரிக்காயும் கரப்பான், தையல் சீழ் வைக்கும் என்று நீக்கியிருந்தார்கள். பருப்பு வாயு என்று நீக்கியிருந்தார்கள். கீரையையும் நீக்கியிருந்தார்கள், அதற்குக் காரணம் கேட்டால், பக்கத்துத் தெருவில் இதயத்தில் வால்வு மாற்றிக்கொண்ட ஒருவருக்கு அப்படிச் சொன்னார்களாம். செயற்கை வால்வு வைத்தவர்கள் உட்கொள்ளும் வார்ஃபரின் மருந்துக்கும் கீரையில் உள்ள கே வைட்டமினுக்கும் பகை உண்டு. அவர்களுக்கும்கூட வேண்டியது ஒரே அளவாகச் சாப்பிடுவதுதான், அடியோடு நிறுத்துவதல்ல. இவர் வார்ஃபரினே சாப்பிடவில்லை. ஆக, பிளந்து கம்பியால் கட்டிய நெஞ்செலும்பும் காலில் ஒரு முழத்துக்கு மேற்பட்ட தையலும் ஆற வேண்டிய உடம்புக்குப் புரதம் என்று சொல்லத்தக்க எதுவும் போகவில்லை. இத்தகைய அறுவைக்குப் பின் எடையில் ஒரு கிலோவுக்கு 1.2 முதல் 1.5 கிராம் வரை புரதம் வேண்டும். இவருக்கு அது நாளொன்றுக்கு 65 கிராமுக்குக் குறையக் கூடாது.

பத்தியத்தோடு நேருக்கு நேர் மோதினால் மருத்துவர்தான் தோற்பார். விரால் மீன் புண்ணை ஆற்றும் என்ற நம்பிக்கையும் அதே வீட்டில் இருந்தது. கணவரின் தாயார் காலத்திலிருந்து சொல்லிவருவதாம். அதைப் பிடித்துக்கொண்டு வாரம் மூன்று நாள் விரால் என்று ஆரம்பித்தோம். முட்டை வெள்ளைக்கு மருமகள் ஒப்புக்கொண்டார். பாசிப்பருப்பை இஞ்சியும் பெருங்காயமும் சேர்த்தால் வாயு இல்லை என்று அவர்களே தீர்ப்பு சொல்லிக்கொண்டார்கள்.

உலோகச் சுவைக்கு எளிய ஏற்பாடுகள் உதவின. எவர்சில்வர் தம்ளரை நிறுத்திவிட்டுக் கண்ணாடித் தம்ளரில் காபியும் மோரும் கொடுத்தார்கள். சூடாக இருக்கும்போது நாற்றம் அதிகம் தெரிந்ததால் மீனையும் முட்டையையும் ஆற விட்டுத் தந்தார்கள். சாப்பாட்டுக்கு முன் வாயைச் சமையல் சோடா கலந்த நீரால் கொப்பளித்துத் துப்பச் சொன்னேன். வெற்றிலை பாக்கை மறுபடி தொடங்கலாமா என்று கேட்டார். பாக்கு புகையிலை இல்லாமலேயே வாய்ப் புற்றுநோயை உண்டாக்கக் கூடியது என்பதால் அதற்கு மறுத்து, ஏலக்காயையும் கிராம்பையும் மெல்லச் சொன்னேன்.

உப்புக்கு இப்படி ஒரு வழி செய்தோம். உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் கீழ் என்கிறது. தலை தட்டிய ஒரு தேக்கரண்டி. காலையில் அந்த அளவில் முக்கால் பங்கை ஒரு சிறு கிண்ணத்தில் எடுத்து அம்மாவின் கையிலேயே கொடுத்துவிடுவது, அவருடைய குழம்பையும் ரசத்தையும் உப்பில்லாமல் இறக்கி, இலையில் பரிமாறிய பின் அவரே மேலாகத் தூவிக்கொள்வது. உள்ளே கரைந்த உப்பைவிட மேலே தூவிய உப்பு நாக்குக்கு நன்றாகத் தெரியும், குறைவாகவே செலவாகும். புளிப்பு அவருக்குக் கெடாமல் இருந்ததால் எலுமிச்சையையும் நெல்லிக்காயையும் தாராளமாகச் சேர்த்தார்கள்; புளிப்பு உப்பின் குறையை ஓரளவு மூடும். உப்புக் கிண்ணம் தன் கைக்கு வந்ததில் அவருக்கு ஏற்பட்ட தெம்பு, மாத்திரையால் வந்ததல்ல.

நடமாட்டம்

அன்றாட நடமாட்டத்தில் பெரிய சிக்கல் இல்லை, ஆனால் இந்த வட்டார வீடுகளுக்கே உரிய சில விஷயங்கள் இருந்தன. நெஞ்செலும்பு கூடுவதற்கு ஆறு முதல் எட்டு வாரமும், உறுதிப்படப் பன்னிரண்டு வாரமும் ஆகும். அதுவரை இரண்டு கையையும் ஊன்றி எழுவதும், நான்கைந்து கிலோவுக்கு மேல் தூக்குவதும் கூடாது. தண்ணீர் நிறைந்த பிளாஸ்டிக் குடம் பதினைந்து கிலோவுக்கு வரும். அறுவை முடிந்த மூன்றாம் வாரத்தில் குழாயடியில் பாதிக் குடத்தைத் தூக்கப் போனவரை மகன் பார்த்துத் தடுத்திருக்கிறார். தரையில் உட்கார்ந்து எழும்போது கையை ஊன்றாமல் முடியாது என்பதால், சாப்பாட்டுக்கு நாற்காலியும் கழிப்பறைக்குக் கமோடு நாற்காலியும் வாங்கினார்கள். இருமும்போதும் தும்மும்போதும் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொள்ளப் பழக்கினோம். நடை முதலில் வீட்டு வாசலிலிருந்து பிள்ளையார் கோவில் வரை ஐந்து நிமிடம், ஒரு நாளைக்கு நான்கு முறை. ஆறாம் வாரத்தில் ஒரே வீச்சில் அரை மணி நேரம். வாய்க்கால் கரை மேடு பள்ளம் என்பதால் தார்ச் சாலையிலேயே நடந்தார். பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வந்து தோள் பயிற்சி சொல்லிக்கொடுத்தார். 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தால் கிராமத்தில் இது இன்று சாத்தியமாகியிருக்கிறது.

பதினெட்டாம் பெருக்குக்குப் பின்

முப்பதாம் நாள் ஆடிப்பெருக்கு. அதற்குள் பூஞ்சை போய்விட்டது, எடை 52.4 கிலோவுக்கு ஏறியிருந்தது, புளிப்பும் காரமும் நன்றாகத் தெரிந்தன. உப்பு மங்கலாகத் தெரியத் தொடங்கியிருந்தது. ஆற்றங்கரைக்குக் கலந்த சாதம் கட்டிக்கொண்டு போன வீட்டில், புளியோதரை அவருக்கு அறுவைக்குப் பிறகு முதன்முதலாக வாய்க்கு ருசியாக இருந்திருக்கிறது. புளிச்சோறு கெடாது என்பதால் மறுநாளும் சாப்பிட்டார். தொட்டுக்கொள்ள நார்த்தங்காய் ஊறுகாயும் மோர் மிளகாயும். உப்பு கொஞ்சம் தெரியும்போது, முன்பு தெரிந்த அளவுக்குத் தெரிய வைக்க நாக்கு இன்னும் அதிகமாகக் கேட்கும். என் கணிப்பில், எதுவுமே தெரியாத முதல் வாரங்களைவிட இப்படிப் பாதி தெரியும் வாரங்களே உப்பு விஷயத்தில் ஆபத்தானவை.

மூன்றாம் நாள் எடை 54.9. மூன்று நாளில் இரண்டரை கிலோ கூடியிருந்தது. சிரை எடுத்த இடது கால் வீக்கம் எதிர்பார்த்ததுதான், மாதக்கணக்கில் இருக்கும். ஆனால் இப்போது வலது கணுக்காலிலும் விரல் அழுத்தினால் குழி விழுந்தது. ஒரு கால் வீங்கினால் தையல் காரணம், இரண்டும் வீங்கி எடையும் ஏறினால் நீர் காரணம் என்று வீட்டாருக்குச் சொல்லி வைத்திருந்ததால் அவர்களே அன்று அழைத்துவந்தார்கள். எக்ஸ்ரேயில் இடது நுரையீரல் அடியில் சிறிது நீர் இருந்தது. எக்கோ என்ற இதய ஸ்கேனில் இதயம் நன்றாகவே வேலை செய்தது.

இரத்தப் பரிசோதனையில் எதிர்பாராத ஒன்று தெரிந்தது: பொட்டாசியம் 5.4 என்று கூடியிருந்தது. விசாரித்ததில் மகன் சென்னையிலிருந்து ‘லோ சோடியம்’ உப்பு வாங்கி வந்து, அது தீங்கில்லை என்று கிண்ணக் கணக்குக்கு வெளியே தாராளமாகப் போட்டுக்கொண்டிருந்தது தெரிந்தது. போதாததற்குத் தினமும் இரண்டு இளநீர். அந்த வகை உப்பில் சோடியத்துக்குப் பதிலாகச் சேர்ப்பது பொட்டாசியம். ராமிப்பிரில் உடலில் பொட்டாசியத்தைத் தேக்கும் மருந்து. இளநீரும் பொட்டாசியம் மிகுந்தது. மூன்றும் சேர்ந்து அளவு மீறினால் இதயத் துடிப்பே நின்றுபோகக் கூடும். இதே போல் இந்துப்பையும் இதய நோயாளிக்கு ஏற்றதென்று விற்கிறார்கள். அதில் இருப்பது பெரும்பாலும் சாதாரண உப்பில் உள்ள அதே சோடியம் குளோரைடுதான். கடையில் நல்ல உப்பு என்று தனியாக ஒன்றைத் தேடுவதைவிட, இருக்கிற உப்பை அளந்து போடுவது மேல் என்று சொல்லி ‘லோ சோடியம்’ உப்பையும் இளநீரையும் நிறுத்தினேன். ஃபுரோசிமைட் 40 மி.கி. ஐந்து நாள் கொடுத்ததில் எடை 52.6க்கு இறங்கியது, ஒரு வாரம் கழித்துப் பொட்டாசியம் 4.6. ஊறுகாய், அப்பளம், வத்தல், மோர் மிளகாய் எல்லாம் உப்புக் கிண்ணக் கணக்கில் சேரும் என்பதை மருமகள் சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டினார். மணத்தக்காளி வத்தல் மருந்துதானே என்று அம்மா வாதாடிப் பார்த்தார். உப்பு மோரில் ஊறிக் காய்ந்ததுதானே அதுவும் என்று மருமகள் பதில் சொன்னார். நான் குறுக்கே பேச வேண்டியிருக்கவில்லை.

தொடர் கண்காணிப்பு

ஆறாம் வார முடிவில் அமியோடரோன் நின்றது. எட்டாம் வாரம் பஞ்சுக் குச்சிச் சோதனையைத் திரும்பச் செய்தபோது உப்பை முதல் தடவையிலேயே சொன்னார், இனிப்பில் இருந்த நாற்றம் போயிருந்தது. செம்புச் சுவை காலையில் எழுந்தவுடன் மட்டும் சிறிது நேரம் இருப்பதாகச் சொன்னார். சுவை அரும்பில் உள்ள செல்கள் சராசரியாகப் பத்து நாளுக்கு ஒரு முறை புதிதாகிக்கொண்டிருப்பவை. நரம்பு கெடாத இடத்தில், தடையாக இருந்தவை விலகினால் இப்படித் திரும்புவது இயல்பு. பன்னிரண்டாம் வாரத்தில் எடை 55 கிலோ. நெஞ்செலும்பு உறுதியாக இருந்தது. வாசலில் சிறிய கோலம் போடவும், தாளிக்கவும், குழம்பு கூட்டவும் தொடங்கிவிட்டார். சர்க்கரை மெட்ஃபார்மினிலேயே கட்டுக்குள் இருக்கிறது. அறுவையின்போது இரத்தம் ஏற்றியிருந்ததால் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் பரிசோதனையை அதுவரை நம்பாமல், விரல் நுனிச் சோதனையைக் கொண்டே மருந்தைத் தீர்மானித்தோம்.

காபி மட்டும் இன்னும் பிடிக்கவில்லை. இரண்டு வேளை டிகாக்ஷன் காபி குடித்தவர் இப்போது வாயில் வைத்ததும் கீழே வைத்துவிடுகிறார். கசப்பு மட்டும் தனியே தூக்கி நிற்கிறது என்கிறார். அமியோடரோன் தைராய்டு சுரப்பைக் குறைத்துவிடக் கூடியது, தைராய்டு குறைந்தாலும் சுவை கெடும், அவருக்கு மலச்சிக்கலும் லேசான களைப்பும் இருக்கின்றன. டி.எஸ்.எச். பரிசோதனைக்கு இந்த வாரம் இரத்தம் அனுப்பியிருக்கிறேன். முடிவு வந்த பிறகு அறுவை செய்த மருத்துவரோடு மறுபடி பேச வேண்டும்.